அண்ணனின் மாத்திரைப் பெட்டி

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆட்களை எடை பார்க்க ஒரு நாற்காலி இருக்கிறது. நிற்க முடியாதவர்களை அதில் உட்கார வைப்போம். எங்கள் பயணப் பெட்டிகளை நான் அதில்தான் எடை போட்டேன். மேலாளர் சாப்பிடப் போன சமயம் பார்த்து, சிவப்புப் பெட்டியைத் தூக்கி உட்கார வைத்து, சரிந்து விழாமலிருக்க இடுப்புப் பட்டையையும் மாட்டினேன். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஆமா ஐயா. வாயே திறக்க மாட்டாங்க. தொந்தரவு இல்லாத ஆளு," என்றேன்.

விமானத்தில் அனுமதிக்கும் இருபத்து மூன்று கிலோவுக்குச் சரியாக நூறு கிராம் குறைவாக நின்றது. எனக்கு எல்லாம் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் நர்ஸ். ஏறக்குறைய, கிட்டத்தட்ட, இருக்கும்போலிருக்கு என்றெல்லாம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் கடைக்குட்டித் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று நானும் அண்ணனும் கிளம்பினோம். இரண்டு பேருக்குமே இதுதான் முதல் விமானம். அண்ணன் ஒரு டாக்சி கம்பெனியில் தொலைபேசி எடுக்கிறவன். நாள் முழுக்க விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புவான். உள்ளே போனதில்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை. தவறாமல் போட்டால் ஒன்றுமில்லை. ஒரு வேளை விட்டுப்போனால் அவ்வளவுதான். அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின் அவனாகப் போட்டுக்கொள்வான் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் சமையலறைத் தரையில் கிடந்தான். துணி துவைக்கும் இயந்திரத்தின் முனை நெற்றியைக் கிழித்திருந்தது. அன்றிலிருந்து மாத்திரை என் பொறுப்பு. டாக்டரிடம் பேசுவது நான், மருந்துக்கடைக்குப் போவது நான், தண்ணீர் டம்ளரோடு எதிரே நிற்பதும் நான். ஊரார் கேட்பதற்கெல்லாம் நாள் முழுக்கப் பதில் சொல்கிறவன், டாக்டர் அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கிளம்புவதற்கு முன் ஒரு மாதத்து மாத்திரைகளையும் இல்லத்தில் செய்வதுபோலவே பிரித்தேன். வாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, நாளுக்கு இரண்டு அறை. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அறைகளில் போட்டேன். காலி அட்டைகளும், டப்பாக்களும், உள்ளே எறும்பு எழுத்தில் மடித்து வைத்திருக்கிற காகிதங்களும் மேசை முழுக்கக் குவிந்தன.

"இந்த டப்பாவையும் எடுத்துக்கலாமா?" என்று அண்ணன் கேட்டான்.

"எதுக்கு? குப்பையத் தூக்கிட்டுப் போறதுக்கா? கைப்பை ஏழு கிலோதான். நீ சும்மா இரு."

அவன் சும்மா இருந்தான். கடைசிப் பெட்டியை நிரப்பும்போது பார்த்தால் ஓர் அட்டை மாத்திரை குறைந்தது. மருந்துக்கடைக்காரர் எண்ணாமல் கொடுத்துவிட்டார் என்று அவர் கடைக்கே போய் நாலு பேர் முன்னால் சண்டை பிடித்தேன். மனுஷர் பதில் பேசாமல் இன்னோர் அட்டை கொடுத்தார். எனக்கு அதுவும் கோபம்தான். தப்பு செய்தவர் இப்படிச் சாந்தமாக இருக்கலாமா?

விமான நிலையத்தில் முதல் அடி எடைமேடையில் விழுந்தது. சிவப்புப் பெட்டி இரண்டு கிலோ கூடுதல் காட்டியது.

"எங்க நாற்காலில சரியா இருந்துச்சே," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"என்ன நாற்காலிங்க?" என்றாள்.

நாற்காலி மேல் பழி இல்லை. எடை போட்ட பிறகு, கடைக்குட்டி கேட்டாள் என்று குக்கரை உள்ளே திணித்தவர் என் வீட்டுக்காரர். வழியனுப்ப வந்திருந்தவர் கையில் அந்தக் குக்கரையே எடுத்துக் கொடுத்தேன். கொட்டாவி விடும் கூட்டத்துக்கு நடுவே, குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் கையசைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரைப் பெட்டிகள் என் கைப்பையில் இருக்கின்றனவா என்று நடக்க நடக்கத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

விமானம் ஏறி, காலை மாத்திரையைக் கொடுத்து, அவன் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நான் பின்னால் சாய்ந்தேன். போகிற நாட்டு நேரத்தை அறிவித்ததும் என் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். அண்ணன் வைக்கவில்லை.

"மாத்திக்கோ."

"மாத்திக்கலாம், இப்ப என்ன அவசரம்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது ஆளுக்கொரு சுங்க அட்டை கொடுத்தார்கள். விதை கொண்டு வருகிறீர்களா, மண் ஒட்டிய செருப்பு இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். மருந்துக்கு நேரே சின்னதாக எழுதியிருந்தது: அசல் உறையில், மருத்துவரின் கடிதத்தோடு இருக்க வேண்டும், சில மாத்திரைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, மீறினால் பறிமுதல்.

அசல் உறை எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியில் கிடந்தது. கடிதம் வாங்கவே இல்லை. நானே நர்ஸ், எனக்கு எதற்கு இன்னொருவர் கடிதம் என்று இருந்துவிட்டேன். என் கைப்பையில் இருந்தவை பெயரில்லாத வெள்ளை மாத்திரைகள். என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன செய்ய?

பறித்துக்கொண்டால் இன்று இரவு அவனுக்கு மாத்திரை இல்லை. முகம் தெரியாத நாட்டில் கேட்டவுடன் யார் கொடுப்பார்கள்? கைக்குழந்தையோடு கடைக்குட்டி நிற்கும் வீட்டில், அவள் கண் முன்னால் இவன் விழுந்தால்? மறுபடி அந்தச் சமையலறைத் தரைதான் கண்ணில் வந்து நின்றது. உள்ளங்கை வேர்த்து அட்டை நமுத்துப்போனது.

"இல்லைன்னு போட்டுடு," என்றேன் காதோரம். "என் பைலதான் இருக்கு. பொம்பள பைய யாரும் கிண்ட மாட்டாங்க."

"கிண்டுவாங்க நர்ஸம்மா." என்னைக் கிண்டல் செய்ய அவன் வைத்திருக்கும் பெயர் அது. "எங்க டிரைவருங்க தினம் ஃபோன் பண்ணுவாங்க. ஆளு வெளிய வரல, கஸ்டம்ஸ்ல நிறுத்திட்டாங்கன்னு. மறைச்சவன்தான் ராத்திரி வரைக்கும் வர மாட்டான்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னதச் செய்."

நான் என் அட்டையில் இல்லை என்று குறித்தேன். அவன் அட்டையையும் வாங்கி நானே நிரப்பக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. முழங்கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன்போல் மெதுவாக எழுதினான்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவரின் பையிலிருந்து ஒரு செடித் தொட்டியை எடுத்து ஓரமாக வைத்தார்கள். அவர் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

சுங்க அதிகாரி என் வயதுப் பெண். கையுறை போட்டிருந்தாள். அண்ணனின் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"மருந்துன்னு போட்டிருக்கீங்க. யார்கிட்ட இருக்கு?"

"என்னோடதுங்க. தங்கச்சி பைல இருக்கு," என்றான் அண்ணன்.

அவள் என் அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் ஈ ஆடவில்லை.

"தெரியாம போட்டுட்டேங்க," என்றேன். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். அட்டையைத் திருப்பி நீட்டி, "அடிச்சிட்டுச் சரியாப் போடுங்க. அடுத்த தடவை விட மாட்டேன்," என்றாள். என் பேனா எழுதவே மாட்டேன் என்றது.

நான்கு மாத்திரைப் பெட்டிகளும் மேசை மேல் வரிசையாக உட்கார்ந்தன. இல்லத்தில் இதே வரிசையைப் பார்த்து எத்தனை பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். இங்கே அவள் மூடியைத் திறந்து, ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ன மாத்திரை?"

"வலிப்புக்குங்க. ரெண்டு வேளை. நான் நர்ஸ், நான்தான் அவனுக்கு..."

"நீங்க இல்ல. அவர் சொல்லட்டும்."

மாத்திரையின் பெயர் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் என் விரல்களை மெதுவாக விலக்கினான்.

பிறகு சொன்னான். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வயதில் ஆரம்பித்தது, முன்னால் போட்டுக்கொண்டிருந்தது எது, அதை ஏன் மாற்றினார்கள், கடைசியாக விழுந்தது எப்போது. தொலைபேசியில் முகவரி சொல்கிற அதே நிதானம். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறந்து நின்றேன்.

"இத நான் எப்படி நம்பறது? உறை இல்லையே," என்றாள் அவள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். மாத்திரையின் பெயரும், அவன் பெயர் எழுதி ஒட்டிய மருந்துக்கடைச் சீட்டும் அதில் அப்படியே இருந்தன. கூடவே மடித்த ஒரு காகிதம். எங்கள் டாக்டரின் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் தனியாகப் போய் வாங்கியிருக்கிறான்.

மருந்துக்கடைக்காரரின் சாந்தமான முகம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதிகாரி அட்டையிலிருந்த மாத்திரையையும் பெட்டியிலிருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே பொறித்திருந்த குறியை ஒத்துப் பார்த்தாள். யாரிடமோ தொலைபேசியில் பேசினாள். அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் நான்கில் இரண்டு பெட்டிகளையும் மாத்திரை அட்டையையும் எங்கள் பக்கம் தள்ளினாள்.

"இதுக்கு மேல விட எனக்கு அதிகாரம் இல்ல. மீதி இங்கயே இருக்கும். இந்தக் கடிதத்தக் காட்டி இங்க ஒரு டாக்டர்கிட்ட வாங்கிக்கங்க. உங்க அண்ணனே போய்ப் பேசட்டும்," என்று கடைசி வார்த்தைகளை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

கூடத்தின் ஓரத்தில் தள்ளுவண்டியை நிறுத்தினேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டப்பா வேணுமான்னு கேட்டேன். குப்பைன்ன."

"டாக்டர்கிட்ட தனியாப் போயிருக்க."

"போனேன். நல்லாத்தான் பேசினாரு."

"ஒரு அட்டையத் திருடி வேற வெச்சிருக்க. அந்த மனுஷன நான் என்னெல்லாம் பேசினேன்."

"அவர்கிட்ட முன்னாடியே சொல்லித்தான் வெச்சிருந்தேன். நீ வந்து கத்துவன்னு." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "இது புதுசு இல்ல. அன்னிக்கு விழுந்ததுல இருந்து ஒண்ணு எப்பவும் இங்க இருக்கும். பழசாச்சுன்னா மாத்திக்குவேன்."

"எதுக்கு? நான்தான் இருக்கேனே."

அவன் தூரத்தில் பெட்டிகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தான்.

"அதான். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு குடுப்பா? உங்கிட்ட கேக்க பயமா இருந்துச்சு. அதான் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிட்டேன்."

இத்தனை வருஷம் அவன் விழுந்துவிடுவான் என்று நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நான் விழுந்துவிட்டால் என்று அவனும் பயந்திருக்கிறான். பயந்தவன் அழவில்லை, பாடம் படித்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது, யாரோ என் வேலையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பழக்கத்தில் மாத்திரைப் பெட்டியைத் திறக்கப் போனேன். என் கடிகாரம் இங்கே மத்தியானம் என்றது. வீட்டில் இப்போது என்ன வேளை? இது இன்றைய அறையா, நாளையதா? கொடுக்க வேண்டுமா, இன்னும் நேரம் இருக்கிறதா? கிழமை கிழமையாக எழுதி ஒட்டிய நான், கிழமையே மாறும் என்று யோசிக்கவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

அண்ணன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். அவன் கடிகாரத்தில் இன்னும் எங்கள் வீட்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது; அங்கே இரவு மாத்திரை வேளை.

"டாக்டர் ரெண்டு நாளைக்கு இப்படியே போகச் சொன்னாரு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கணுமாம்," என்றான். "குடு."

கொடுத்தேன். சரியான அறையைத் திறந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தான். விழுங்கினானா என்று பார்க்க என் தலை தானாக நிமிர்ந்தது. என்னை அடக்கிக்கொண்டு, வெளியே போகும் கதவைப் பார்த்தேன்.

பெட்டியை அவன் என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"வண்டியத் தள்ளு நர்ஸம்மா," என்றான். "வெளிய நமக்காக ஒரு டிரைவர் நின்னுட்டிருப்பான். ஆளு இன்னும் வரலன்னு யாருக்கோ ஃபோன் பண்ணிட்டிருப்பான்."