எண்பத்து நான்காவது வரிசை

முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை என்று ஓய்வு பெற்ற அன்று வாயாரப் புகழ்ந்தார்கள். அப்பேர்ப்பட்டவருக்குக் கூடத்து ஜன்னலோரம் இருந்த பின்னல் மெஷினைக் கண்டால் மட்டும் பயம்.

மெஷின் அவர் மனைவியுடையது. மேஜை நீளத்துக்கு ஒரு தட்டு, அதில் வரிசையாக இருநூறு ஊசிகள், மேலே இங்குமங்கும் ஓடும், கேரேஜ் என்கிற கைப்பிடிப் பெட்டி. கேரேஜை ஒரு தரம் தள்ளினால் ஒரு வரிசை பின்னிவிடும்; பக்கத்திலிருக்கும் எண்ணியில் ஓர் எண் கூடும். மகளுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாள். முன்பக்கமும் கைகளும் முடிந்து அலமாரியில் இருந்தன. முதுகுப்பக்கம் பாதியோடு ஊசிகளில் தொங்கியது. தலை வலிக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தவள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். எண்ணியில் 84. எட்டு மாதமாக அதே 84.

மெஷினை யாரும் தொடக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். தூசியைக்கூட அவளேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பாள். ஆனால் இன்னும் பத்து நாளில் அவள் குளிர் நாட்டுக்கு வேலைக்குப் போகிறாள். அம்மா போட்ட ஸ்வெட்டரோடுதான் அவள் விமானம் ஏற வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடிவாதம். முதுகு இல்லாத ஸ்வெட்டரை எந்தக் குளிருக்குப் போட்டுக்கொள்வது?

கற்றுக்கொள்ளலாம் என்றால் அங்கேதான் இடித்தது. பழக வேண்டுமானால் ஊசிகள் காலியாக இருக்க வேண்டும். ஊசிகள் முழுக்க அவள் இருந்தாள். நூல் கடை அம்மாளிடம் போய்க் கேட்டார். வேறு நிற நூலால் பத்து வரிசை பின்னித் துணியை அப்படியே கழற்றிவிடுங்கள், கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், அவிழாது, பழகிய பிறகு திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்றாள் அந்த அம்மாள். அந்தப் பத்து வரிசையைப் பழகாத கைதானே பின்னப்போகிறது என்பது இவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மதியம், மகள் ஆபீசில் இருந்த நேரம். மனைவியின் நீல நூலைக் கேரேஜிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். வெள்ளை நூலை மேலே இருந்த கம்பியில் கோத்தார். புத்தகத்தில் போட்டிருந்த படத்தை இரண்டு தரம் பார்த்தார். எல்லாம் சரி. கேரேஜைத் தள்ளினார்.

வண்டி வெண்ணெயில் போவதுபோல் போனது. போன வேகத்திலேயே, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை, துணி மொத்தமும் ஊசிகளை விட்டு விழுந்தது. நூலைக் கம்பியில் கோத்தவர், அதைக் கேரேஜின் வாயில் மாட்ட மறந்துவிட்டார்; புது நூல் கிடைக்காத ஊசிகள் பழைய கண்ணிகளையும் உதிர்த்துவிட்டன. எத்தனையோ புதுப் பையன்களைக் கண்ணாடி பார்க்காமல் வண்டி எடுக்காதே என்று திட்டிய மனுஷன், டீசலே இல்லாமல் வண்டியை எடுத்துவிட்டார்.

துணியின் அடியில் தொங்கிய இரும்பு எடைகள் அதைக் கீழே இழுத்தன. பாய்ந்து பிடித்தார். மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். அசைந்தால் ஒரு கண்ணி நழுவியது, மூச்சுவிட்டால் இன்னொன்று. அதனால் அசையவில்லை. மகள் கதவைத் திறந்தபோது மணி ஆறு. மூன்று மணி நேரமாக அவர் அப்படியே இருந்தார்.

அவள் கத்தவில்லை. பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல் எண்ணியைத்தான் முதலில் பார்த்தாள். கேரேஜ் நூல் இல்லாமல் ஓடினாலும் எண்ணி தன் வேலையைச் செய்திருந்தது. 85.

"அம்மா விட்டது எண்பத்து நாலுப்பா."

"தெரியும்மா. திருப்பி வச்சிடலாம்."

"எதுக்குப்பா இதத் தொட்டீங்க?"

ஸ்வெட்டருக்காக என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு. "நீ ஏறிப் போயிடுவ. அப்புறம் தெனமும் அந்த நம்பரைப் பாத்துக்கிட்டு நான் ஒருத்தனா இங்க இருக்கணும். என்னால ஆகாதும்மா."

மகள் பையை இறக்கி வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு இருவரும் மெல்ல எழுந்து மெஷினருகே நின்றார்கள். அவர் துணியைப் பிடிக்க, அவள் கொக்கியால் ஒவ்வொரு கண்ணியாக எடுத்து ஊசியில் மாட்டினாள். நடுவில் இரண்டு கண்ணிகள் எட்டு வரிசைக்கு அவிழ்ந்திருந்தன. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அவற்றையும் மேலே ஏற்றினார்கள். ஓரிடம் கொஞ்சம் கோணலாகவே நின்றது. போகட்டும் என்றாள். நூற்றுப் பன்னிரண்டு கண்ணிகளும் ஏறிய பிறகு, எடைகளை மாட்டி, எண்ணியை அவரே 84-க்குத் திருப்பினார்.

வெள்ளை நூலை அவள் எடுத்துவிட்டாள். ஓரமாக இருந்த நீல நூலைக் கேரேஜின் வாயில் மாட்டி, விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இப்ப தள்ளுங்கப்பா."

அவர் கை எழவில்லை. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். இரண்டு கையுமாகத் தள்ள, கேரேஜ் நகர்ந்தது. எட்டு மாதமாக வீட்டில் கேட்காத அந்தக் கரகர சத்தம் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. துணி விழவில்லை. 85.

அம்மா போனதிலிருந்து மகள் அழுது அவர் பார்த்ததில்லை. இப்போது அழுதாள். அழுதுகொண்டே, நூல் கேரேஜின் வாயில் இருக்கிறதா என்று இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள்.