மெஷினுக்கு எதிர்ப்பக்கம்

தையல்காரிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் முன்னால் உட்காருவாள், ரெண்டு வரி ஓட்டுவாள், எழுந்துவிடுவாள். நாற்காலியில் தலையணை போட்டுப் பார்த்தாள், பிடுங்கி எறிந்தாள். விளக்கை வலது பக்கம் மாற்றினாள், பிறகு விளக்கு என்ன பாவம் செய்தது என்று பழைய இடத்திலேயே வைத்தாள். எதைச் செய்தாலும் வலது தோளில் பிடித்த வலி கழுத்துக்கு ஏறி, முதுகுக்கு இறங்கி, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அசையாமல் கிடந்தது. இப்போது விரல் நுனி வேறு மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயம். சின்ன வயசில் மெஷினில் உட்கார்ந்தவள். இந்தக் கை போய்விட்டால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

மெஷினில் கிடந்தது இரட்டைக் கட்டில் அளவுக்கு ஒரு பஞ்சுப் போர்வை. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் கெட்டித் துணி. மூன்றையும் சேர்த்து வளைவு வளைவாகத் தைத்துக்கொண்டே போக வேண்டும். ஊசிக்கடியில் இருப்பது ஒரு சாண் இடம்தான். மிச்சப் போர்வை முழுக்க மேஜையை விட்டு வழிந்து தரையைப் பார்த்துத் தொங்கும். அதை இழுத்து இழுத்துத்தான் தைத்தாக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் வரை அவள் தனியாகத் தைத்ததே இல்லை. புருஷனுடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், மெஷினுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொள்வாள். போர்வையின் பாரத்தை ரெண்டு முழங்கையிலும் ஏந்திக்கொண்டு, ஊசி போகிற பக்கம் துணியை விட்டுக்கொடுப்பாள், வருகிற பக்கம் வாங்கிக்கொள்வாள். இவள் திருப்பச் சொல்லி வாய் திறப்பதற்குள் அவள் திருப்பியிருப்பாள். கல்யாணம் ஆகாத நாத்தனாரும் வாய் நீளமான தம்பி பெண்டாட்டியும் ஒரே அறையில் அத்தனை வருஷம் வெட்டிக்கொண்டு சாகாமல் இருந்ததே அந்தப் போர்வைகளின் புண்ணியத்தில்தான்.

அப்படியிருக்க, இவள் வாய் சும்மா இருந்ததா? வாங்க வந்த ஒருத்தி போர்வையைத் தடவிப் பார்த்து, "யார் தச்சது இவ்வளவு அழகா?" என்றாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே, "நாங்கதான்" என்றாள். வந்தவள் படியிறங்கியதும் இவள் ஆரம்பித்தாள்.

"நாங்கன்னா யாரு அண்ணி? தச்சது நான். நீங்க எதிர்ல நின்னு வேடிக்கைதானே பார்த்தீங்க?"

முகத்தில் அடித்தாற்போல் கேட்டாள். நாத்தனார் மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தி மகள் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள். இவள் புருஷன் எலக்ட்ரீஷியன். "வீட்டுக்கெல்லாம் ஃபியூஸ் போடறேன், உன் வாய்க்கு ஒண்ணு போடாம விட்டுட்டேன்" என்றான்.

அறை பெரிதாகிவிட்ட மாதிரி முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு வலி வந்தது. நாற்காலியைத் திட்டினாள், தலையணையைத் திட்டினாள், மெஷினுக்கு எண்ணெய் போட்டாள், தனக்கும் தைலம் போட்டாள். "உங்க மூஞ்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் கழுத்து சுளுக்கிக்கிச்சு" என்று புருஷன் தலையிலும் கொஞ்சம் பழியைப் போட்டாள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பிசியோதெரபிக்குப் போனாள்.

அங்கே இருந்த பெண் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எப்படித் தைப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள். கட்டில் விரிப்பை வைத்து இவள் செய்து காட்டினாள்.

"உங்க ரெண்டு தோளும் காதுகிட்ட ஏறி நிக்குது பாருங்க. தொங்கற போர்வையைத் தோளால இழுக்கறீங்க. இடது பக்கம் ஒரு மேஜை, பின்னால ஒரு மேஜை போடுங்க. துணி தொங்கவே கூடாது. அப்பப்போ எழுந்து நடங்க. முன்னாடி எப்படிச் சமாளிச்சீங்க?"

"நாத்தனார் பிடிச்சுப்பாங்க" என்றாள். சொன்ன உடனே சுருக்கென்றது. இத்தனை கனத்தையா?

வீட்டுக்குப் போகிற வழியிலேயே மேஜைக் கடை. கடைக்காரன் வாசலிலேயே மடக்கு மேஜைகளை விரித்து வைத்திருந்தான். நின்றாள், ஒன்றைத் தட்டிக்கூடப் பார்த்தாள். அப்புறம் எதிர்ப்பக்கம் போய் நாத்தனார் இருக்கிற பக்கம் போகிற பஸ் ஏறிவிட்டாள். வழியெல்லாம் பொய்யாகவே ஒத்திகை பார்த்தாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லலாமா? தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல்லலாமா? அவன் மூன்று வேளையும் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்த நாத்தனாரைப் பார்த்ததும் ஒத்திகையெல்லாம் மறந்துபோயிற்று. இடுப்பு வரைக்கும் இருந்த முடி காதோடு நின்றிருந்தது.

"என்ன அண்ணி, ஸ்டைலெல்லாம் பலமா இருக்கு?"

"உள்ள வா" என்றாள் நாத்தனார். முழங்கைகளை இடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு, டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள். "கை மேல போகல. சடை பின்ன முடியல. இன்னொருத்தி வீட்டுல இருந்துக்கிட்டு, தினம் பின்னி விடுன்னு போய் நிக்க முடியுமா? வெட்டிட்டேன்."

"எப்பலேருந்து?"

"வலி போன வருஷத்துலேருந்தே. ரெண்டு தோளும். இங்க வந்தப்புறம்தான் தூக்கவே முடியாமப் போச்சு."

"ஏன் அண்ணி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அன்னிக்கு நீ அப்படிக் கேட்டதும் ஒருவிதத்துல நல்லதாப் போச்சு. கோபம்னு சொல்லிக் கிளம்பிட்டேன். முடியலன்னு போறதைவிடக் கோபம்னு போறது கௌரவமா இருந்துது."

தையல்காரிக்கு அவமானமாக இருந்தது. இந்தக் கைகளைத்தானே திரும்பக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள்? பிசியோதெரபிப் பெண் சொன்னதைச் சொன்னாள்.

"ரெண்டு மேஜை போதுமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"போதுமாம்."

நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷமும் ரெண்டு மேஜை செய்யற வேலைதான் செஞ்சேனா? போர்வை பிடிக்க ஆள் வேணும், அதனால அந்த வீட்டுல எனக்கு ஒரு இடம் இருக்குன்னு நினைச்சேன். அதான் வலிச்சப்பகூட வாயைத் திறக்கல. மேஜை வந்துட்டா நான் அங்க எதுக்கு?"

நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமிருந்தால் தையல்காரி அப்போது ஏதாவது சொல்லியிருப்பாள். பழக்கமில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"பொய் சொல்லல அண்ணி. பிடிக்கத்தான் கூப்பிட வந்தேன். ஆனா மேஜைக் கடை வழியிலதான் இருந்துது, வாங்கல, இங்க வந்துட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. நான் கேட்டது தப்பு. நீங்க போன நாள்லேருந்து எனக்கு அந்த ரூம்ல உட்காரவே முடியல. சண்டை போடக்கூட ஆளில்ல. மேஜைகிட்டயா போய்ச் சண்டை போடறது?"

நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டு, "பெட்டி பீரோ மேல இருக்கு, எடு" என்றாள்.

தையல்காரி கையைத் தூக்கினாள். காது வரைக்கும் போய் நின்றுவிட்டது. "அம்மா" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் முயன்றாள். அவள் கை நெஞ்சைத் தாண்டவில்லை. ரெண்டு பேரும் பீரோவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணாந்ததில் கழுத்து வேறு வலித்தது.

"கீழ இருக்கற தங்கச்சியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"வேண்டாம். நாம இருக்கற லட்சணத்தை ஊரெல்லாம் சொல்லிடுவாங்க."

ஒட்டடைக் குச்சியை ரெண்டு பேருமாக இடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நெம்பினார்கள். பெட்டி நகர்ந்து நகர்ந்து, தூசியோடு தொப்பென்று கட்டிலில் விழுந்தது. நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளுக்கு அழுகை வந்தது.

"அழாம துணியை மடி" என்றாள் நாத்தனார். "நேரா கடைக்குப் போறோம். ரெண்டு மேஜை, ஒரு நாற்காலி."

"என் நாற்காலி நல்லாத்தானே இருக்கு அண்ணி?"

"உனக்கு யாரு கேட்டா? எனக்கு. முழங்கை வெச்சுக்கற மாதிரி, நல்லதா ஒண்ணு."