கூரையைத் தட்டியவள்

அக்காவைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று முடிவுகட்டித்தான் வேன் பேசிக்கொண்டு போனோம். நாலு நிலக்கரிச் சுரங்கத்தில் மூன்றை மூடியாயிற்று. குடியிருப்பில் பாதி வீடுகளுக்குப் பூட்டு. இன்னமும் அடம்பிடிக்கிறவளை என்ன செய்வது?

அக்கா சுரங்க மீட்புக் குழுவின் தலைவி. உள்ளே புகையோ சரிவோ என்றால் முகமூடி மாட்டிக்கொண்டு முதலில் இறங்குகிறவள். மிச்சமிருக்கும் ஒரு சுரங்கத்துக்கு இரண்டு குழு எதற்கு, போட்டியில் ஜெயிக்கிற குழு மட்டும் இருக்கட்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. "தோத்துட்டா மூட்டை கட்டிட்டு உன்கூட வந்துடறேன்டி" என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் தோற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதில் ஒளிவுமறைவு என்ன?

போட்டி, கைவிட்ட சுரங்கப் பாதை ஒன்றில். உள்ளே புகை போட்டிருந்தார்கள். அடிபட்டவராகப் படுத்துக்கிடக்க ஓர் ஆள் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். அவர் உட்கார்ந்தால் நாற்காலி முனகும்.

"மாப்பிள்ளை, எங்க இடுப்பை ஒடிக்கவே வந்தீங்களா?" என்றாள் அக்கா.

எதிரணி முதலில் போனது. போன சூட்டோடு அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடியே வந்துவிட்டது. நானும் கைதட்டினேன். அவரை மறுபடி உள்ளே படுக்க அனுப்பினார்கள்.

அடுத்து அக்காவின் அணி. கம்பியால் கூரையை 'டங்' என்று தட்டுவது, காதுகொடுத்துக் கேட்பது, ஓர் எட்டு நகர்வது. வாசலில் நின்ற எனக்குக் கொட்டாவி வந்தது. திடீரென்று 'டங்'குக்குப் பதிலாகக் கூரையிலிருந்து 'பொத்' என்று ஒரு சத்தம்.

"யாரும் நகராதீங்க!" முகமூடிக்குள்ளிருந்து அக்காவின் குரல். "மேல பிடிப்பு விட்டிருக்கு. முட்டுக் கொடுத்துட்டுப் போலாம்."

மரத்தை இழுத்து நிறுத்தும் சத்தம் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், "சீக்கிரம் வாக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒருவழியாக அவரைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள். கூட்டத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை. நடுவர் எதிரணித் தலைவரைப் பார்த்தார்.

"போறப்ப கூரையைத் தட்டினீங்களா?"

"நேரமாயிடும்னு..."

"பிடிப்பு விட்ட பாறை மாதிரி அங்க பலகை வெச்சுப் பூசினது நாங்கதான். நிஜப் பாறையா இருந்திருந்தா உங்க மொத்தப் பேரும் காலி. பாவம், இந்தப் பெரிய மனுஷனையும் சேத்துல்ல கொன்னுட்டீங்க!"

என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"செத்தவங்களுக்குப் பரிசு கிடையாது" என்று நடுவர் அக்காவின் கையைப் பிடித்து உயர்த்தினார். பூட்டாத வீடுகளின் சனம் மொத்தமும் அங்கேதான் நின்றது. அது போட்ட கூச்சலில் எனக்குப் புல்லரித்துவிட்டது. யாரோ விசிலடித்தார்கள். பார்த்தால், நான்தான்.

அக்கா முகமூடியைக் கழற்றினாள். கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

"என்னடி, தோத்துட்டியா?"

"தோத்துட்டேன்க்கா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.