கீழ்வீட்டுக்குக் கேட்ட சத்தம்

தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியைக் கையில் பிடித்தபடி கீழ்வீட்டு ராமமூர்த்தி மாடியேறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஜோதிலிங்கம் அப்போதுதான் முன்னறையில் படுத்திருந்த பாயைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தான். அவர் உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்கப்படாது, மிஸ்டர் ஜோதிலிங்கம். கட்டிலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கோ. ராத்திரி பூரா கிறீச் கிறீச்னு. எங்காத்து ருக்மிணி ஒரு வாரமா கண்ணே அசரலை.”

“சரி” என்றான் ஜோதிலிங்கம்.

“எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லை, கேட்டேளா. சின்ன வயசு. சின்னக் குழந்தை வேற. ஊர் உலகத்துல நடக்காததா? ஆனா ஜல்தியா முறைப்படி பண்ணிண்டுடுங்கோ. குவார்ட்டர்ஸ்னா நாலு பேர் இருக்கற இடம்.”

“சரி.”

குப்பியை வாங்கிக்கொண்டான். சமையலறையில் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் பாதியில் நின்றது. ராமமூர்த்தியின் செருப்பு கடைசிப் படி வரை இறங்கிய பிறகுதான் அவர் சொன்னது அவன் மண்டைக்குள் ஏறியது. மனைவி பூங்கோதை போனதிலிருந்தே எல்லாம் இப்படித்தான். பேச்சு ஒரு பக்கம் முடிந்துவிடும், அர்த்தம் பின்னால் தனியாக நடந்து வரும். அதற்குள் அவன் வாய் சரி என்று சொல்லியிருக்கும். துக்கம் கேட்க வந்த செக்‌ஷன் ஆபீசரிடம் சரி. தில்லி லட்சுமிபாய் நகர் சந்தையில் அழுகல் தக்காளியை நிறுத்துப் போட்டவனிடமும் சரி.

அந்த இரும்புக் கட்டிலில் அவன் படுப்பதே இல்லை. கல்யாணமான புதிதில் பூங்கோதையோடு பஞ்ச்குயியான் ரோடு ஃபர்னிச்சர் கடை முழுக்க ஏறி இறங்கி வாங்கியது. குழாய்த் தலைமாடு, பச்சைப் பெயிண்ட், குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகள். அவள் காமாலையில் கிடந்ததும் அதில்தான். இப்போது அதில் படுப்பது அவளுடைய தங்கை அம்சவேணியும் இரண்டு வயது மகள் சுமதியும். அக்காவைப் பார்த்துக்கொள்ள கோவில்பட்டியிலிருந்து வந்தவள், காரியம் முடிந்தும் குழந்தைக்காகத் தங்கிவிட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவை நீட்டி நீட்டி, இனி நீட்ட இடமில்லை.

அக்கா இடத்துக்குத் தங்கை என்பது அவர்கள் பக்கத்தில் புதிதில்லை. ஒப்பாரி அடங்குவதற்கு முன்பே ஒரு பெரியம்மா சுமதியைத் தூக்கி அம்சவேணியின் மடியில் வைத்து, “இனிமே இவ ஓம் பிள்ளை” என்றிருந்தாள். மாமனார் தர்மன் ரயிலேறும்போது, “வருசம் திரும்பட்டும் மாப்பிள்ளை, பேசுவோம்” என்றார். அதற்கும் அவன் சரி என்றுதான் சொல்லியிருந்தான். வருடம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் அவர் நாளைக் காலை ஜி.டி. எக்ஸ்பிரஸில் வருவதாகத் தந்தி வந்திருந்தது.

அம்சவேணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

“கட்டிலைச் சரி பண்ணிருவோம் அத்தான். அப்பா வாரதுக்குள்ள.”

எதிர்வீட்டு சர்தார்ஜியிடம் ஸ்பேனர் வாங்கி வந்தான். மெத்தையைச் சுருட்டி ஜன்னலோரம் போட்டதும் சுமதி அதன் மேல் ஏறி, “பஸ், பஸ்” என்று ஓட்டத் தொடங்கினாள். நான்கு மூலையிலும் போல்ட்டுகளை இறுக்கினான். துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டான். கையால் அமுக்கிப் பார்த்தால் சாதுவாக இருந்தது. உட்கார்ந்தால் கத்தியது. எங்கிருந்து என்று மட்டும் தெரியவில்லை. தலைமாட்டில் காதை வைத்தால் கால்மாட்டில் கேட்டது. கால்மாட்டுக்குப் போனால் மறுபடி தலைமாடு.

“ஒரு ஆளு மேல படுக்கணும், ஒரு ஆளு கீழ கேக்கணும்” என்றாள் அம்சவேணி. “நீங்க ஏறிப் படுங்க.”

அவன் தயங்கினான். பிறகு வெறும் பட்டைகளின் மேல் மல்லாந்தான். அவள் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனாள்.

“பொரளுங்க.”

கிறீச்.

“இந்தப் பக்கம். இன்னும் பலமா. நிறுத்தாம.”

கிறீச், கிறீச், கிறீச். கீழ்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது. ஜோதிலிங்கம் புரண்ட நிலையிலேயே உறைந்துபோனான். கட்டிலுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு தும்மல் போலக் கேட்டது. அம்சவேணி சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல், மூச்சு முட்ட. இந்த வீட்டில் அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை புரண்டான்.

ராமமூர்த்தி இந்த முறை குப்பியில்லாமல் வந்தார், மூச்சிரைக்க. “என்ன ஓய் இது, பட்டப்பகல்ல” என்று ஆரம்பித்தவர் உள்ளறை வாசலில் அப்படியே நின்றார். மேலே ஸ்பேனரும் கையுமாக ஜோதிலிங்கம். அடியிலிருந்து தலையெல்லாம் ஒட்டடையோடு அம்சவேணி வெளியே வந்துகொண்டிருந்தாள்.

“நல்ல வேளை, வந்தீங்க” என்றான் ஜோதிலிங்கம். “என் வெயிட்டு போதலை. கொஞ்சம் ஏறி உக்காருங்க.”

“நானா?”

“சத்தம் உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்.”

அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. ராமமூர்த்தி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, நாற்காலி விளிம்பில் உட்காருகிற மாதிரி கட்டிலின் நடுவில் உட்கார்ந்தார். கட்டில் வீறிட்டது. ஜோதிலிங்கம் இறங்கிக் குனிந்து பார்த்தான். நடுச்சட்டத்தில் ஒரு பட்டையின் ஆணி ஆடிப்போய், பட்டை இரும்போடு இரும்பாக உரசிக்கொண்டிருந்தது.

“அசையாதீங்க. அங்கதான்.”

பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இடுக்கில் செருகும் வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேலை செய்துகொண்டே, தலையைத் தூக்காமல், ஜோதிலிங்கம் சொன்னான்: “இதுல படுக்கறது அம்சாவும் சுமதியும். நான் முன்ரூம்ல, பாய்ல. பூங்கோதை போனதுலேர்ந்து அப்படித்தான்.”

ராமமூர்த்தியின் கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது. மூலையில் சுருட்டி வைத்த பாயை அவர் காலையிலும் பார்த்திருந்தார்.

“ராம ராமா” என்றார். “நல்லதுன்னு நெனைச்சுத்தான் பண்ணினேன்.”

“என்ன பண்ணினீங்க?”

“ஆபீஸ்லேர்ந்து டிரங்க் கால் போட்டேன், உங்க மாமனார் மில்லுக்கு. விஷயம் இப்படி, வருஷம் திரும்பற வரைக்கும் காத்திண்டிருக்க வேண்டாம்னு. மனுஷர் ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை. தாலிக்குச் சொல்லிட்டு ரயிலேறறேன்னார்.”

அம்சவேணி சுமதியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். ராமமூர்த்தி எழுந்தார். கட்டில் சத்தம் போடவில்லை. “நானே அவர்ட்ட பேசட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம்” என்றான் ஜோதிலிங்கம். அவர் இறங்கிப் போகும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் போனார்.

மெத்தையை விரித்துவிட்டு அவன் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுத்தன. ஜன்னலைத் திறந்தான், வெயிலும் புழுதியும் அடித்தன, மூடினான். சத்தத்தை நிறுத்திவிட்டால் பேச்சும் நின்றுவிடும் என்று நினைத்தது எவ்வளவு மடத்தனம். பேச்சு நேற்றே ரயிலேறிவிட்டது. அதையும் தாண்டி ஒன்று உள்ளே குடைந்தது. நாளை மாமனார் அந்தத் தாலியை எடுத்து வைத்தால், அதற்கும் அவன் வாய் சரி என்றுதான் சொல்லும். காலையில் காபி கிடைத்தது. குழந்தை தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. அவை எப்படி நடக்கின்றன என்று அவன் கேட்டதே இல்லை, குழாயில் தண்ணீர் வருவதைக் கேட்காத மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்திருக்கிறாள். கீழ்வீட்டுக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றான். சுமதி அவள் இடுப்பிலேயே தூங்கிவிட்டிருந்தாள்.

“ராத்திரி தூங்கறதில்லையா நீ?”

அவள் அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒரு பக்கம் திரும்பினா இருந்துரலாம்னு தோணுது. மறுபக்கம் பொரண்டா போயிரணும்னு தோணுது. இவ எங் கையப் பிடிச்சாத்தான் தூங்குதா. கைய உருவினா முழிச்சிக்கிடுதா.”

“உனக்கு என்ன வேணும்?”

அவள் திரும்பினாள். கோபமா அழுகையா என்று தெரியாத முகம்.

“இத யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன் அத்தான். எங்க அம்மா கேக்கல. நீங்களும் கேக்கல.”

“இப்பக் கேக்கறேன்.”

“எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போணும். மூணாங்கிளாஸ் பிள்ளைக வேணும். அக்கா சேலையக் கட்டிக்கிட்டு அக்கா கட்டில்ல படுத்துக்கிட்டு என்னால ஆகாது.” மூச்சு வாங்கினாள். “உங்க மேல கொற இல்ல.”

“சுமதி?”

ஸ்டவ்வில் உலை பொங்கி வழிந்தது. அவள் இடுப்பில் குழந்தையோடு குனிய முடியாமல் நிற்க, அவன் மூடியை எடுத்தான், சுட்டுக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலையில் அவன் சட்டையை மாட்டும்போது அவளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். “நானும் வாரேன். தனியாப் போனா நீங்க சரின்னுட்டு வந்துருவீங்க.”

ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் சுமதியை நடுவில் உட்கார்த்திக்கொண்டு புது தில்லி ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரயில் தாமதம். அவன் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே இருந்தான், டீக்கடைக்கும் எடைபார்க்கும் மெஷினுக்கும் நடுவே. சொல்ல வேண்டிய வாக்கியத்தை உதட்டுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொன்றும் மரியாதை குறைந்ததாகவோ, முதுகெலும்பு இல்லாததாகவோ வந்தது.

தர்மன் தூக்கம் கெட்ட கண்களோடு இறங்கினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு மஞ்சள் பை. பேத்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மகளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜோதிலிங்கம் பெட்டியை வாங்கினான். பைக்குக் கை நீட்டியபோது, “இருக்கட்டும் மாப்பிள்ளை, இத நானே வச்சுக்கிடுதேன்” என்று மார்போடு அணைத்துக்கொண்டார். “வீட்டுக்குப் போயிப் பேசுவோம்.”

“இல்ல மாமா. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பேசணும். இப்படி உக்காருங்க.”

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார், பை மடியில். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வாயைத் திறந்த நேரத்தில் காலி ரயிலைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கினார்கள். ஒரே இரைச்சல். சற்றுத் தள்ளி, தூணருகே அம்சவேணி குழந்தையை இறக்கி நிறுத்தியிருந்தாள். சுமதி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, நகரும் பெட்டிகளுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். ஜோதிலிங்கம் காத்திருந்தான். கடைசிப் பெட்டி கடந்துபோனதும் அதன் பின்னால் மறைந்திருந்த வெயில் தண்டவாளங்களைத் தாண்டி வந்து, கிழவரின் செருப்பில்லாத கால்களின் மேல் விழுந்தது. “அந்தத் தாலி வேண்டாம் மாமா, அம்சா பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்” என்றான் ஜோதிலிங்கம்.