நாலாம் நம்பர் வீட்டுச் சுவர்

சேலத்து உப்புக்கிணற்றுச் சந்தில் நாலாம் நம்பர் வீட்டுச் சுவரை யார் வெளியிலிருந்து குடைந்தாலும், ஓட்டை குடைந்தவருடைய வீட்டுக்குள் போய்த்தான் திறந்தது. 1935ஆம் வருஷம் வெண்ணந்தூர் நெசவுக்காரி பெரியநாயகி அந்த வீட்டை வாங்கியபோது இது யாருக்கும் தெரியாது. சந்து முழுக்கச் சுவரைக் குடைந்து கன்னம் வைக்கும் திருடர்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். அவளுக்கு வேண்டியது காலை விட்டு உட்கார்ந்து நெய்ய ஒரு தறிக்குழி. வாடகை வீட்டில் தரையைத் தோண்ட எவன் விடுவான்? தெரியாமல் தோண்டி, மூன்று வீடுகளிலிருந்து சாமானோடு தெருவுக்கு வந்தவள் அவள். அதனால் பால் காய்ச்சிய அன்றே, பந்தியில் இருந்தவர்கள் கை கழுவுமுன், புருஷன் செங்கோடன் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டாள். "இனிமே ஆரு நம்மள எந்திரிச்சுப் போன்னு சொல்றாங்கன்னு பாக்கலாங்க" என்றாள்.

அந்த வாரமே அம்மாசி கன்னம் வைத்தான். சந்திலேயே கைதேர்ந்தவன். உள்ளே புகுந்து ஒரு பித்தளைக் குடத்தோடு வெளியே வந்து பார்த்தால், அது அவன் பெண்டாட்டியின் சீதனக் குடம். அவள் மூன்று நாள் அவனைப் பட்டினி போட்டாள், பின்னே கொஞ்சுவாளா? அடுத்து ஒன்பது பேர் முயன்று, ஒன்பது பேரும் தங்கள் பண்டபாத்திரத்தையே திருடிக்கொண்டார்கள். ஊர் சிரித்த சிரிப்பில் சந்தில் தொழிலே படுத்துவிட்டது. அம்மாசி ஓட்டைகளையெல்லாம் மண் குழைத்து அடைத்துக் கொடுத்துவிட்டு, பெரியநாயகியிடமே தறிக்கு நூலை நீட்டிப் பாவு பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தான்.

1938இல் சந்தின் அகலத்தைக் கூட்ட முனிசிபல் ஆட்கள் வந்தார்கள். திருட்டை ஒழிக்க அகலமும் வெளிச்சமும் வேண்டுமாம். ஒழிந்து மூன்று வருஷமாயிற்றே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாலாம் நம்பர் இடிக்கும் கோட்டுக்குள் விழுந்தது. தறிக்குழியும் போகும் என்றதும் பெரியநாயகி இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். சுவரின் சங்கதி தெரிந்த கூலியாட்கள் பின்வாங்க, ஓவர்சியர் அப்புசாமி தானே கடப்பாரையை வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டார். ஓட்டைக்குள் அஸ்தம்பட்டியில் இருக்கும் அவர் வீட்டுச் சமையற்கட்டு தெரிந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த அவர் மனைவி முத்தாயம்மாள் நிமிர்ந்து, "ஏனுங்க, இடிக்கறதுக்கு வேற ஊடு கெடைக்கலீங்களா?" என்றாள்.

அப்புசாமி கடப்பாரையை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டார். "இது ஆரு ஊடு அம்மணி?" என்று பெரியநாயகியைக் கேட்டார்.

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பத்திரத்தில் பேர் இருந்தால் ஆயிற்றா, சுவர் ஒப்புக்கொள்ள வேண்டாமா? கடப்பாரையை வாங்கி, ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். மண் உதிர்ந்தது. ஓட்டையில் கண்ணை வைத்தாள். உள்ளே அவள் தறி, பாதி நெய்த சேலை, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் செங்கோடன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

"எம்பட ஊடுதானுங்க" என்றாள்.

அப்புசாமி வரைபடத்தில் ரோட்டை நாலாம் நம்பருக்கு முன்னால் வளைத்துப் போட்டார். காரணம் கேட்ட இடத்தில், 'சொந்தக்காரி குடியிருக்கிறாள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.