பத்தாயிரத்து ஏழு

அந்த ஸ்க்ரூ கம்பெனியில் பத்தாயிரம் கேட்டால் டிரம்மில் பத்தாயிரத்து ஏழு போடுவார்கள். எண்ணிக்கை குறைந்தது என்று பின்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏழு என்று முடிவு செய்தது சூப்பர்வைசர். கல்லூரியில் கணக்கு எடுத்துப் பாதியில் விட்டவன். கற்ற கொஞ்சத்தையும் ஆட்கள் மேல்தான் செலவழித்தான்.

புதிதாகச் சேர்ந்த நெட்டையன் மதியம் அவன் முன்னால் போய் நின்றான்.

"சார், அப்பாவுக்கு மூச்சு இழுக்குதாம். ஆஸ்பத்திரிலேருந்து தங்கச்சி ஆபீசுக்கு போன் பண்ணியிருக்கு. கேட் பாஸ் வேணும்."

"தாராளமா." சூப்பர்வைசர் ஒரு டிரம்மைக் காலால் தட்டினான். "இதைச் சமமா பெட்டியில பிரிக்கணும். பெட்டி நூறு இருக்கு. ஒண்ணுல இருநூறுக்கு மேல பிடிக்காது. மிச்சம் ஒண்ணுகூட நிக்கக் கூடாது. எத்தனை பெட்டின்னு சொல்லு, ஓடிடு. அடுக்க வேற ஆள் பாத்துக்கறேன்."

பாஸ் இல்லாமல் காவலாளி கதவு திறக்கமாட்டான். நெட்டையன் மேசையில் சாக்பீஸால் வகுக்க ஆரம்பித்தான். நூறு பெட்டி, மிச்சம் ஏழு. எழுபத்து மூன்று, மிச்சம் ஆறு. எண்பத்திரண்டு, மிச்சம் மூன்று. மூன்று வந்ததும் அவன் முகம் தெளிந்தது. நெருங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"விடாத, பக்கத்துல வந்துட்ட" என்றான் சூப்பர்வைசர், டீயை உறிஞ்சிக்கொண்டே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனோடு சேர்ந்து சிரிப்பதும் அங்கே ஒரு வேலை.

சூப்பர்வைசர் டம்ளர் கழுவப் போன நேரத்தில், லேபிள் ஒட்டும் அக்கா டிரம்மிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒண்ணைக் குறைச்சுட்டேன் தம்பி. இப்பப் போடு."

பத்தாயிரத்து ஆறு. இரண்டால் போனது. ஐயாயிரத்து மூன்று. மூன்றால் போகவில்லை. ஏழால், பதின்மூன்றால், பத்தொன்பதால் போகவில்லை. அழித்து அழித்து மேசை வெள்ளையாகிப் போனது.

சூப்பர்வைசர் திரும்பி வந்து குனிந்து பார்த்தான்.

"ஐயாயிரத்து மூணா? அப்ப டிரம்ல ஒண்ணு குறையுது." அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "பத்தாயிரத்து ஏழு எதாலயும் வகுபடாதுக்கா. ஒண்ணைக் கழிச்சா ரெண்டே பெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஐயாயிரத்து மூணு. எந்தப் பெட்டி தாங்கும்? கூட ஒண்ணு போட்டிருக்கணும். எழுபத்திரண்டு பெட்டி, பெட்டிக்கு நூத்தி முப்பத்தொன்பது, கச்சிதம். தம்பி அப்பவே போயிருப்பான்."

அக்கா முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீஸ் பையன் வாசலில் வந்து நின்றான். "அண்ணே, உங்க தங்கச்சி மறுபடியும் கூப்பிட்டுச்சு. இனிமே அவசரமா வர வேண்டாமாம்."

நெட்டையன் சாக்பீஸைக் கீழே வைக்க மறந்து நின்றான். சூப்பர்வைசர் பாஸில் கையெழுத்துப் போட்டு மேசை மேல், அந்த வெள்ளைப் பொடியில் வைத்தான்.

"போயிட்டு வா. அக்கா, அந்த ஒண்ணை டிரம்ல போடுங்க. ஆர்டர் குறையக் கூடாது."

அக்கா முடிச்சை அவிழ்த்தாள்.