மச்சானுக்குக் கொடுத்த பட்டணங்கள்

என் புருஷன் சுதாகரனுக்குத் தோற்கத் தெரியாது. தோற்றால் அவனுக்குக் கை நீளும். அது வந்து விழுகிற இடம் என் கன்னம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ‘ஒரு விளையாட்டுக்காகவா பிள்ளை இவ்வளவும்?’ என்று கேட்டுக்கொண்டு யாரும் என் வாசல் படலைக்கு வரவேண்டாம்.

சுதாகரன் வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். மாரி தொடங்கி வாடைக்காற்று ஏறினால் படகுகள் கட்டிக் கிடக்கும், அவனும் வீட்டில் கிடப்பான். என் அண்ணன் பிரதீஸுக்கு ஓட்டமாவடியில் மீராசாஹிப் காக்காவின் கடையில் போன் திருத்துகிற வேலை. கடையில் கழித்துவிட்ட ஒரு லெப்டொப்பை எப்படியோ வேலை செய்ய வைத்துக் கொண்டுவந்து, மச்சானுக்குப் பொழுது போகட்டும் என்று அந்த விளையாட்டையும் அதில் போட்டது அண்ணன்தான். நல்ல மனம். அந்த நல்ல மனத்தால்தான் நான் சீரழிந்தேன்.

திரையில் ஒரு வெறும் பூமி. ஆளுக்கு ஒரு ஊரோடு தொடங்கவேண்டும். ஒருவர் தன் முறையை ஆடி முடிக்கும்வரை மற்றவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும், எட்டிப் பார்த்தால் கள்ளம். நல்ல தண்ணீர் கண்ட இடத்துக்குக் குடியேறிகளை அனுப்பிப் புதுப் பட்டணம் போடவேண்டும். குதிரை, உப்பு, இரும்பு இருக்கிற நிலத்தை முந்திப் பிடித்தவன் பிழைத்தான். பிடிக்காதவன் மற்றவனோடு பேரம் பேசிப் பண்டம் மாற்றலாம், இல்லையென்றால் வெட்டிப் பிடிக்கலாம். தேத்தண்ணி கொண்டு போகிற என்னை யாரும் சுவரைப் பார்க்கச் சொல்லவில்லை. பொம்பிளைக்கு என்ன விளங்கும் என்ற எண்ணம்! இரண்டு பேருடைய படையையும் பார்த்துப் பார்த்தே எனக்கு விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது.

முதல் ஆட்டத்தில் அண்ணன் வென்றான். சுதாகரனின் தலைப் பட்டணத்துக்குள் குதிரைப்படையை விட்டு வீட்டுக்கு வீடு நெருப்பு வைத்தான். ஆடி முடித்ததும் சுதாகரன் சிரித்தான். “நல்லா வெட்டினாய் மச்சான்” என்று அண்ணனின் முதுகில் தட்டினான். அண்ணன் வீட்டு வளவின் பின்பக்கத்தில் இருக்கிற தன் அறைக்குப் போன பிறகு, சுதாகரன் மீன் குழம்பில் உப்புக் கூட என்று சொல்லிச் சட்டியோடு தூக்கி என் நெஞ்சில் எறிந்தான். குழம்பு கொதி ஆறவில்லை. நான் குனிந்து கொட்டுண்டதை அள்ளும்போது பிடரியில் காலால் உதைத்தான். நிலத்தில் முட்டி என் உதடு கிழிந்தது. உப்பு அளவாகத்தான் இருந்தது. அவனுக்கே அது தெரியும்.

அடுத்த நாள் அண்ணன் என் உதட்டைப் பார்த்தான். அன்று தொட்டு அவன் விளையாட்டு மாறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் பெண்ணுடைய வீட்டில் வந்து இருப்பான். அதற்காக அண்ணன் கட்டாரில் வெயிலில் கிடந்து வெந்து, கல்குடா றோட்டில் இந்த வீட்டைக் கட்டி என் பேரில் எழுதினான். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முகம் கறுத்தபோது மோட்டார் சைக்கிள் கொடுத்தான். பிறகும் கறுத்தபோது கைச்சங்கிலி கொடுத்தான். மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் அடங்குவான் என்பது எங்கள் ஆண்பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஊறின புத்தி. தங்கச்சியின் வாழ்க்கை ஆடுகிற நேரமெல்லாம் அவர்கள் கை மடிக்குள்தான் போகும், ஒருநாளும் ஓங்காது. அண்ணன் அதையே அந்தத் திரைக்குள்ளும் செய்யத் தொடங்கினான்.

குதிரை இருக்கிற புல்வெளியைக் கண்டும் காணாததுபோல் விட்டான். சுதாகரனின் குடியேறிகள் காவல் இல்லாமல் அண்ணனின் ஈட்டிக்காரருக்குப் பக்கத்தால் நடந்து போனார்கள். கையை நீட்டினால் அள்ளலாம். அண்ணன் வழிவிட்டான். உப்பைச் சும்மா கொடுத்தான், இரும்பைச் சும்மா கொடுத்தான். கடைசியில் ஆற்று வாயில் தான் ஆசையாகக் கதிரவெளி என்று பேர் வைத்த பட்டணத்தையே சமாதானத்துக்கென்று எழுதிக் கொடுத்தான். சுதாகரன் அதற்குச் சுதாகரபுரம் என்று பேர் மாற்றினான். அடுத்த முறையே அதே பட்டணத்தில் படை திரட்டி அண்ணனின் மற்ற ஊர்களுக்குள் இறங்கிச் சனத்தை வெட்டிச் சாய்த்தான்.

சரி, அவன் வென்றுவிட்டானே, எனக்கு அடி குறைந்ததா? மண்ணாங்கட்டி! வென்ற நாளில் அவனுக்கு உடம்பெல்லாம் ராசா ஏறிவிடும். தேத்தண்ணி சுணங்கிவிட்டது என்று என் விரலைக் கதவிடுக்கில் வைத்து நெரித்தான். முன்பு கோபத்தில் அடித்தவன் இப்போது சந்தோசத்திலும் அடித்தான்.

நான் அண்ணனைக் கிணற்றடியில் பிடித்தேன்.

“அண்ணன், நீங்க வேணுமெண்டுதானே தோக்கிறீங்க?”

அவன் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அவர் தோத்தா உனக்குத்தானே தங்கச்சி விழுது.”

“வெண்டாலும் விழுதே! இந்தக் கையைப் பாருங்க.”

பார்த்தான். கண் கலங்கிவிட்டது. நானும் நம்பினேன், இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று. “இன்னும் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் பாப்பம் கா தங்கச்சி” என்றான். எனக்கு அந்த வாளியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் வந்தது. இவனுக்காக அழுவதா, இவனைத் திட்டுவதா என்றே தெரியவில்லை. கட்டாரில் இருந்து கறுத்து வற்றி வந்து இறங்கிய அந்த முகத்தில் எப்படிக் கை வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை, சோறாக்கி இறக்கின நேரம். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் புது ஆட்டம் தொடங்க உட்கார்ந்தார்கள். சுதாகரனுக்கு அன்று வாய் நீண்டுவிட்டது.

“உன்னோட ஆடி அலுத்துப் போச்சு மச்சான். உன்ர தங்கச்சிய இருத்து. அவளும் எனக்கு ரெண்டு பட்டணம் தரட்டும்.”

பகிடிக்குத்தான் சொன்னான். நான் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு போய் அண்ணனின் கதிரையில் உட்கார்ந்தேன். சுதாகரன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

என் முதல் ஊரிலிருந்து கிளம்பின குடியேறிகளை நான் நல்ல தண்ணீருக்கு அனுப்பவில்லை. நேரே அவனுடைய மூக்குக்குக் கீழே அனுப்பினேன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்புத் தண்ணீர், நடுவே ஒரு ஒடுக்கமான நிலம். அவன் வெளியே வர அந்த ஒரு வழிதான். அதில் குந்தினேன். அடுத்ததாகக் குதிரை நிற்கிற புல்வெளி. உப்பு. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தான்.

தன் முறை வந்ததும் பாட்டு நின்றது. “என்ன கா இது, என்ர வாசல்ல வந்து குந்திக்கிட்டு இரிக்கிறாய்?”

“இடம் நல்லா இருந்திச்சு.”

பழக்கதோஷத்தில் பேரத்துக்கு வந்தான். “சரி, குதிரையைத் தா.”

“நீங்க என்ன தருவீங்க?”

அவன் என்னைப் பார்த்த பார்வை! அந்த வீட்டில் அவனிடம் அதை யாரும் கேட்டதில்லை. நான் இரும்பு கேட்டேன். தரமாட்டேன் என்றான். அப்படியென்றால் குதிரை இல்லை என்றேன். அண்ணன் எனக்குப் பின்னால் நின்று என் தோளைத் தொட்டான். “குடு தங்கச்சி, குதிரைதானே.” நான் தோளை உதறினேன்.

சுதாகரன் ஈட்டிக்காரரை அனுப்பினான். களப்புச் சேற்றில் அவர்கள் கால் புதைந்து திணறும்போது மேட்டில் நின்ற என் வில்லுக்காரர் ஒவ்வொருவராகச் சரித்தார்கள். காவல் இல்லாமல் வந்த குடியேறிகளைப் பிடித்து எனக்கு மண் வெட்ட விட்டேன். பிறகு குதிரைகளை அவிழ்த்தேன். சுதாகரபுரம் ஒன்று, சுதாகரபுரம் இரண்டு என்று அவன் பேர் வைத்த ஊர்களுக்குள் புகுந்து வெட்டினேன். களஞ்சியங்களை உடைத்தேன். ஓடினவர்களை ஆற்றங்கரைவரை துரத்திக் குத்தினேன். தலைப் பட்டணம் விழுந்தபோது, வைத்திருக்கவா எரிக்கவா என்று திரை கேட்டது. எரி என்ற பொத்தானை அமத்தினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இனித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், அது பிறகுதான் தெரிந்தது, தாடை நொந்தது.

சுதாகரன் லெப்டொப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான். திரை நொறுங்கி என் காலடியில் கொட்டியது. என் தலைமயிரைக் கையில் சுருட்டிப் பிடித்தான்.

“பட்டணம் பிடிக்க வந்தவவோ? போடி, போய்ச் சோத்தப் போடு!”

குசினிவரை தரையில் இழுத்துக்கொண்டு போனான். கதவு நிலையில் என் நெற்றியை மோதினான். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பின்னால் அண்ணன் ஓடி வருகிற சத்தம் கேட்டது. வந்து அவன் கையைப் பிடிப்பான் என்றுதான் நினைத்தேன்.

“மச்சான், மச்சான், விடுங்க மச்சான்! வேற நல்ல லெப்டொப் ஒண்டு கொண்டு வாறன். சத்தியமாக் கொண்டு வாறன்!”

அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது. அடி என்னை எழுப்பவில்லை. அடுப்பு மேடையில் கையை விட்டுத் துழாவினேன். இரும்புத் தாச்சிச் சட்டியின் காது அகப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்து, என் தலைமயிரைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் இறக்கினேன். மரக்கொப்பு முறிகிற சத்தம். அவன் வாயைப் பிளந்தான், சத்தம் வரவில்லை. மற்றக் கையை ஓங்கினான். தோளில் இன்னொன்று போட்டேன். முழங்காலில் இன்னொன்று. அரிசி வாளியோடு சேர்ந்து விழுந்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான். அயலில் புஸ்பம் அக்காவின் நாய் குரைக்கத் தொடங்கியது.

“எழும்பு. வெளிய போ” என்றேன்.

“எங்கயடி போறது? இது என்ர வீடு!”

“உன்ர வீடோ? நீ கட்டினியோ? உன்ர கொம்மா தந்தவவோ?”

அவனுக்குப் போக இடமில்லை. அவன் தாய் வீடு அவன் தங்கச்சி கேதீஸ்வரிக்கு எழுதியாயிற்று. அது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அண்ணன் நிலத்தில் குந்தி அவன் கையைத் தாங்கிக்கொண்டு, “இந்த நிலையில மனுசன் எங்க போற தங்கச்சி? என்ர அறையில கிடக்கட்டும், நான் கடையில படுக்கிறன்” என்றான்.

“அண்ணன், இனி ஒரு சாமானும் குடுக்கேலாது. அறையும் குடுக்கேலாது. இது என்ர பேர்ல இருக்கிற வளவு.” எனக்குப் பயம்தான். ஆனால் தாச்சியை நான் கீழே வைக்கவில்லை. “இவன் இஞ்ச கிடந்தா அடுத்த தரம் நான் செத்திருவன். இல்லாட்டி இவன் சாவான். எது வேணும் உங்களுக்கு?”

அண்ணன் என்னை அண்ணாந்து பார்த்தான். என் நெற்றியிலிருந்து இரத்தம் சீலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு சுதாகரனின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். நிற்க மாட்டேன் என்று அவன் திமிறியபோது, அண்ணன் வாழ்க்கையில் முதல் தரமாக அவன் சேட்டுக் கொலரைக் கொத்தாகப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தான்.

அவனை முன்னால் இருத்தி அண்ணன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். மழையில் இரண்டு பேரும் நனைந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

“ஆஸ்பத்திரியில கேப்பாங்களே தங்கச்சி. என்னெண்டு சொல்ற?”

அதே ஆஸ்பத்திரியில், அதே தாதியிடம், கிணற்றடியில் சறுக்கினேன், படியில் தடுக்கினேன் என்று வாய் கூசாமல் நான் சொல்லியிருக்கிறேன். அண்ணன்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனவன்.

“விழுந்திட்டார் எண்டு மட்டும் சொல்லாதீங்க” என்றேன். “பொஞ்சாதி அடிச்சவள் எண்டு சொல்லுங்க. பேர் கஜானி எண்டும் சொல்லுங்க.”